சாத்த மறுத்த ஜன்னல்

மலையில் குளிர் இறங்கியதும், பிள்ளை பெற்ற செல்லக்கனி தன் அறைக்குள் கரிநெருப்புச் சட்டியை வைத்து ஜன்னலைச் சாத்தினாள். ஜன்னல் படாரென்று திறந்துகொண்டது.

"ஏண்டி, நான் பாடுபட்டுச் சூடேத்துறேன், நீ வெளியே விடுறியா? என்கிட்ட புகைகூட இல்லையே!" என்று சீறியது சட்டி.

"புகை இருந்தா இருமியாவது முழிச்சுக்குவாங்க. மூடின அறையில உன் கரி விடுற நச்சுக்காத்து தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும். சாத்த மாட்டேன், போ!"

செல்லக்கனி கொக்கியைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். ஜன்னல் காற்றைக் கூப்பிட்டுக் கொக்கியையே பிடுங்கி எறிந்தது.

"திறந்த அறைக்குக் கரி எதுக்கு வீணா?" என்று அவள் சட்டியை வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

"கேட்டியா, பிள்ளை குளிர்ல அழுவுது!" என்று அங்கிருந்து கத்தியது சட்டி.

"அழட்டும். அழுற பிள்ளையை அம்மா போர்த்தி அணைச்சுக்குவா. அழாத பிள்ளையை என்ன பண்ணுவா?"