ஐந்தாவது ஆள்

“ராஜா உயிர் பிரிஞ்ச ராத்திரி இந்த அறையில இருந்தவங்க அஞ்சு பேர். கட்டில்ல ராஜா. தலைமாட்டுல ராணி. கால்மாட்டுல வைத்தியர். கதவுகிட்ட காவல்காரன். அப்புறம் அதோ, அந்த மூலையில, விளக்குக்கு எண்ணெய் ஊத்த வந்த ஒரு சின்னப் பொண்ணு. அவளுக்கு ஒரு கால்ல செருப்பு இல்ல.”

இளம் வழிகாட்டி கை நீட்டிய மூலையைக் கூட்டம் பார்த்தது. அங்கே வெறும் தரைதான். இருந்தும் ஒரு தடித்த ஆள் மூக்கை உறிஞ்சினார். யாரோ கைதட்டினார்கள்.

தூணுக்குப் பின்னால் நின்றிருந்த மூத்த வழிகாட்டிக்கு வயிறு பற்றி எரிந்தது. இந்த அரண்மனையில் அவர் முப்பது வருடமாகக் கதை சொல்கிறார். அவர் கணக்கில் நாலு பேர்தான். கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் கடிகாரம். நேற்று அடித்ததையேதான் இன்றும் அடிப்பார்.

“என்ன கடிகாரம், கருகுற வாடை வருதே?” என்றார் டிக்கெட் கொடுப்பவர்.

“அவ சொல்றது சரித்திரமா? அளப்பு!”

“அளந்தாலும் கூட்டம் அவ பின்னாலதானே போகுது? குரல் பதியவும் அவளைத்தான் கூப்பிடப் போறாங்களாம்.”

அவரைத் தூங்கவிடாமல் அடித்தது அதுதான். அடுத்த மாதத்திலிருந்து பார்வையாளர்கள் காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி வருகிறது. அதில் ஒரே ஒரு குரல். வழிகாட்டிகளை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் இந்த அறைகளில் அந்தக் குரல் இருக்கும். அது தன்னுடையதாக இருக்க வேண்டும். அவளுடையதாக மட்டும் இருக்கவே கூடாது.

நேரே அதிகாரியின் அறைக்குப் போனார்.

“மேடம், அந்தப் பொண்ணு அஞ்சாவதா ஒரு ஆளைச் சொருகுது. எந்தப் புத்தகத்துலயும் இல்ல. ராஜா சாகக் கிடக்கிற அறைக்குள்ள ஒத்தச் செருப்போட எவளாவது வருவாளா? நான் முப்பது வருஷத்துல ஒரு வார்த்தை கூட்டினதில்ல, குறைச்சதில்ல.”

அதிகாரி அவளை வரவழைத்தார்.

“அந்த விளக்குக்காரப் பொண்ணு எங்கேருந்தும்மா வந்தா?”

“கேட்டதுதான் மேடம்.”

“யார் சொல்லிக் கேட்டே?”

அவள் மூத்தவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“பேரைச் சொன்னா அவருக்குச் சங்கடம் மேடம்.”

“பாத்தீங்களா, முழியே சரியில்ல!” என்று துள்ளினார் அவர்.

அதிகாரி பேனாவை மூடினார். “எனக்கு முன்னாடி இருந்தவர், ராணி அந்த அறையிலேயே இல்லன்னு எழுதி வச்சிருக்கார். அவருக்கு முன்னாடி இருந்தவர், ராணிதான் விஷம் வச்சான்னு எழுதியிருக்கார். நீங்க சொல்ற அந்த நாலு பேர்லயும் யார் யார் அப்புறம் வந்து சேர்ந்தவங்களோ, யாருக்குத் தெரியும்?” அவள் பக்கம் திரும்பினார். “நீ ‘இருந்ததாகச் சொல்கிறார்கள்’னு ஒரு வார்த்தை சேத்துக்கோம்மா. இப்பவே போய்ப் பதிவு பண்ணிடு.”

பதிவறை வரை அவளை விடாமல் துரத்தினார் மூத்தவர்.

“நில்லு! கைதட்டல் வாங்கியாச்சு. என் இடத்தையும் வாங்கியாச்சு. அந்தப் புளுகன் யாருன்னாவது சொல்லிட்டுப் போ.”

“புளுகன்னு சொல்லாதீங்க சார். அதுவரைக்கும் சரித்திரத்துல நான் வாங்கினது முட்டைதான். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் இந்த வேலைக்கே வந்தேன்.”

“பேரு?”

அவள் கதவைப் பாதி திறந்தபடி நின்றாள்.

“ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வந்திருந்தாங்க. படியில என் செருப்பு ஒண்ணு தொலைஞ்சு போச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்த மூலையில போய் நின்னு அழுதேன். நாலு பேரைச் சொல்லி முடிச்ச நீங்க என்னைப் பாத்துட்டு, ‘அஞ்சாவதா ஒருத்தி இருந்தா, அவளுக்கும் ஒத்தச் செருப்புதான்’னு சொன்னீங்க சார்.”

அவள் உள்ளே போனாள். கதவு மூடியது. வெளியே இருந்து எந்தச் சத்தமும் பதிவாகிவிடக் கூடாதென்று உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டாள்.