நாலடிச் சுவர்

அலுமாரியில் முருகனைக் காணோம்.

ஜீவராணி சீலைகளை எல்லாம் கட்டிலில் அள்ளிப் போட்டுத் தேடினாள். அடித்தட்டில் விரித்திருந்த பேப்பரைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். இல்லை.

உள்ளங்கை அளவு படம்தான். அவளுடைய அப்பா கதிர்காமத்துக்கு நடந்தே போய் வாங்கி வந்தது. ஷெல்டனைக் காதலித்துக் கல்யாணம் கட்டி, தினமும் ஜெபமாலை சொல்லும் வீட்டுக்கு வந்தபோது, சீலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டு வந்தாள். நாலு வருஷமாக அது அலுமாரிக்குள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் யாரும் பார்க்காத நேரத்தில் கதவைத் திறப்பாள், ஒரு கும்பிடு போடுவாள், சாத்திவிடுவாள்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு இந்தப் புது வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு ஒரு சின்ன ஆசை வந்தது. ஹாலில் ஏதாவது ஒரு ஓரத்தில் அதை வெளியே மாட்ட முடியாதா? கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஹாலில் படம் மாட்டத் தோதான சுவர் ஒன்றே ஒன்றுதான். நாலடி அகலம். மற்றதையெல்லாம் கதவும் ஜன்னலும் டிவியும் பிடித்துக்கொண்டன. அந்த நாலடிக்கும் ஷெல்டன் ஏற்கெனவே திருஇருதய ஆண்டவர் படம் ஆர்டர் கொடுத்துவிட்டான்.

"கடையில வாங்குனா எல்லா வீட்டுலயும் ஒரே படம்தான். நம்ம சுவத்த அளந்து, நமக்குன்னு வரைஞ்சு வாங்குவோம். பதுளையில சித்திரம் படிப்பிக்கிற கலாராணி டீச்சர் இருக்காங்கல்ல? தோட்டத்து ஆளுகன்னா கொறைச்சுத்தான் கேப்பாங்க" என்றான்.

மாதக் கடைசி ஞாயிறு ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்கப் போகிறார். அதற்குள் படம் சுவருக்கு வந்துவிட வேண்டும்.

மாமியார் மரியகொரட்டி குசினியில் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தோட்டத்து மாதா கோயிலில் முதல் வரிசை வாங்கில் உட்காருகிறவள்.

"மாமி, என் அலுமாரியத் தொறந்தீங்களா?"

"தொறந்தேன்." தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"உள்ள ஒரு படம் இருந்துச்சு..."

"நான்தான் எடுத்தேன். ஃபாதர் வரப்போற வீடு. அது இனிமே அதுக்குள்ள இருக்கக் கூடாது."

நாலு வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டு, சமயம் பார்த்து மனுஷி வேலையைக் காட்டிவிட்டாள். எங்கே போட்டீங்க என்று கேட்கவும் பயமாக இருந்தது. அடுப்பில் என்று சொல்லிவிட்டால்?

ஷெல்டனிடம் சொன்னாள். "எங்கம்மா அப்பிடியெல்லாம் செய்ய மாட்டாங்க" என்றான். உலகத்தில் எந்த மகன்தான் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறான்?

போதாததற்கு, மறுநாளே மாமி தனியாக பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் வந்தாள்.

"ஒம் புருசன் டீச்சர்கிட்ட அளவத் தப்பாக் குடுத்திருக்கான். நான் போய்ச் சரியாச் சொல்லிட்டு வந்துட்டேன்."

இன்னும் பெரிதாக்கச் சொல்லியிருப்பாள். இனி அந்தச் சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட இடம் மிஞ்சாது என்று ஜீவராணி நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மூன்று வாரம் மாமியிடம் அளந்துதான் பேசினாள். சாப்பிட வாங்க, கதவைச் சாத்துங்க. அவ்வளவுதான்.

சனிக்கிழமை படத்தை எடுத்து வர மாமியும் மருமகளும் பதுளைக்குப் போனார்கள்.

கலாராணி டீச்சர் பேப்பர் சுற்றிய படத்தைக் கொண்டு வந்து பிரித்தார். திருஇருதய ஆண்டவர் அழகாகத்தான் இருந்தார். ஆனால் அகலம் ஒன்றரை அடிதான்.

"என்ன டீச்சர், சின்னதா இருக்கு? சுவர் நெறைய வேணும்னுதானே அவரு சொன்னாரு?"

"இந்த அம்மாதானே வந்து ஒன்னரை அடியாக் கொறைக்கச் சொன்னாங்க!"

டீச்சர் இன்னொரு படத்தைக் கொண்டு வந்து, பேப்பரைப் பிரித்து முதல் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

மயில். வேல். இரு பக்கமும் வள்ளியும் தெய்வானையும். நடுவில் சிரித்தபடி முருகன். மேல் மூலையில், பார்த்து வரைவதற்காகச் செருகியிருந்த உள்ளங்கை அளவுப் படம்.

"ரெண்டும் ஒரே அளவுல இருக்கணும், ஒரு விரக்கடைகூட வித்தியாசம் வரக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னாங்க" என்று டீச்சர் சிரித்தார். "படத்தப் பாத்துட்டு, 'ரெண்டு பொண்டாட்டியா?'ன்னு ஒரு தடவ கேட்டாங்க. அப்புறம், 'சரி, அது அவங்க குடும்ப விசயம்'னுட்டாங்க."

ஜீவராணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசாததை நினைக்க வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு ஃபாதர் பாத்தா என்ன சொல்லுவாரு மாமி?"

"அவரு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருவாரு. நீதானே புள்ள அங்க காலம் பூரா இருக்கப் போறவ?"

"மன்னிச்சிருங்க மாமி. நான் உங்களைய என்னென்னமோ நெனைச்சுட்டேன். எனக்காக நீங்க இவ்வளவு..."

"ஒனக்காகவா? எனக்காகத்தான் செஞ்சேன்!" மரியகொரட்டி படங்களை மறுபடி பேப்பரில் சுற்ற ஆரம்பித்தாள். "நீ அலுமாரியத் தொறந்து நிம்மதியாக் கும்பிடட்டும்னு, நாலு வருசமா வெள்ளிக்கெழமையானா மழையிலயும் பனியிலயும் பக்கத்து வீட்டுல போய்க் குந்திக்கிட்டிருக்கேன். இனிமேலாச்சும் என்னைய வீட்டுல இருக்க விடு தாயி!"