இரண்டு சாய்கோடுகளுக்குப் பின்னால்

ஜெயசீலன் இறந்த ஐந்தாம் மாதம், அவன் ஜாவாவில் எழுதிய பேருந்து முன்பதிவு நிரலைப் பைத்தானுக்கு மாற்றும் வேலை தாட்சாயணியிடம் வந்தது. அலுவலகத்தில் ஒன்பது வருடம் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, எந்தக் கம்ப்யூட்டர் மொழி உசத்தி என்று சாப்பாட்டு நேரமெல்லாம் சண்டை போட்டவர்கள்.

"உன் ஜாவால ஒரு டம்ளர் தண்ணி கேக்கணும்னாக்கூட மனு எழுதிக் குடுக்கணும்" என்பாள்.

"உன் பைத்தான்ல குடுத்தது தண்ணியா மோரான்னு குடிச்சப்புறம்தான் தெரியும்" என்பான்.

அவன் நாற்பது வரியில் எழுதியிருந்ததை ஆறே வரியில் முடித்துவிட்டு, "பாத்தியா?" என்று பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அதில் யாருடைய ஹெல்மெட்டோ இருந்தது.

அவனுடைய அடுத்த வரி, இரண்டு சாய்கோடுகளுக்குப் பின்னால், கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப்போகும் வெறும் குறிப்பு: 'இதை என்றைக்காவது தாட்சாதான் மாற்றுவாள். திட்டுவாள். திட்டி முடித்ததும் அவளைச் சாப்பிடப் போகச் சொல்லவும்.'

மணி மூன்றரை. டிபன் பாக்ஸ் பைக்குள்ளேயே இருந்தது.

நிரலுக்குத் தேவையில்லாத அந்தக் குறிப்பை அவள் அழிக்கவில்லை. சாய்கோடுகளை மட்டும் எடுத்துவிட்டு, பைத்தான் வழக்கப்படி முன்னால் ஒரு # போட்டாள். அதன் கீழே இன்னொரு # போட்டு எழுதினாள்:

'திட்டிட்டேன். சாப்பிடப் போறேன்.'