குண்டு சிக்காத துப்பாக்கி

தணிகாசலத்தின் மேசை இழுப்பறைக்குள் இரண்டு கைத்துப்பாக்கிகள் படுத்திருந்தன. புதியதற்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"இன்னிக்குப் பயிற்சி மைதானத்துல முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? நான் கைக்கு அடக்கமாம். ஒரு தடவைகூடக் குண்டு சிக்கலையாம். உன்னால அப்படிச் சொல்லிக்க முடியுமா?"

"முடியாது," என்றது பழையது. "எனக்குள்ள ஒரே ஒரு தடவை சிக்கிருச்சு. அன்னிக்கு எனக்கு எதிரே இருந்தது காகித வட்டம் இல்ல. அவரோட தம்பி. முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். மறுநாளே உன்னை வாங்கிட்டு வந்துட்டார்."

கூடத்திலிருந்து தம்பியின் குரல் கேட்டது: "அண்ணே, இலை போட்டாச்சு, வாங்க."

இழுப்பறை திறந்தது. விரல்கள் பழையதைத் தாண்டி வந்தன. தன் உடம்பில் எங்காவது ஒரு பொட்டுத் துரு இருக்காதா என்று புதியது தேடத் தொடங்கியது.