நாற்பத்தோராவது கமெண்ட்

நான்காவது தடவையும் அந்தப் பெரியவரை ரோட்டைக் கடக்க வைத்த பிறகுதான் படம் சரியாக விழுந்தது.

முதல் மூன்றிலும் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போன இன்ஸ்பெக்டர் கண்ணை மூடியிருந்தார். பெரியவர் போக வேண்டியதோ இந்தப் பக்கம்தானாம். படம் முடிந்ததும் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகத் திரும்பிக் கடந்து வந்தார்.

பெண் காவலர் அதை ஸ்டேஷனின் பேஜில் ஏற்றினாள். 'மக்களோடு நாங்கள்.' தினம் ஒரு படம், மாலை ஐந்து மணிக்குள். எத்தனை லைக் என்று மேலிடத்தில் பார்க்கிறார்கள். திருடனைத் துரத்தலாம் என்று இந்த வேலைக்கு வந்தவள், இப்போது லைக்கைத் துரத்திக்கொண்டிருக்கிறாள்.

ஐந்தே நிமிடத்தில் கமெண்ட் வந்துவிட்டது. முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ வைத்திருக்கும் அதே அக்கவுண்ட்.

'என் மகனைக் காணோம். இன்றோடு நாற்பத்தொரு நாள். கொஞ்சம் தேடுங்கள் ஐயா.' கூடவே அவன் போட்டோ.

நேற்று நாற்பது என்று இருந்தது. மற்றபடி ஓர் எழுத்து மாறவில்லை.

இன்ஸ்பெக்டர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். கெட்டவர் இல்லை. அவரும் அலுத்துப்போன மனிதர்தான்.

"அழிச்சிராதம்மா, அழிச்சா சண்டைக்கு வருவாங்க. எப்பவும் போல மறைச்சு வை. எழுதினவங்க கண்ணுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. நமக்கு எதுக்கு வம்பு?"

அவனைத் தேடுகிறார்களா என்று அவள் கேட்காமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. அந்த ஃபைலை வைத்திருக்கும் ஏட்டின் மேஜைக்கு முன்னால் தினமும் போய் நிற்கிறாள். பார்க்கலாம் என்கிறார். அதன் மேல் இன்றைக்குப் பதினோரு ஃபைல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

விரல் கொஞ்சம் தயங்கியது. இதை இப்படியே விட்டால் ஊரே பார்க்கும். எங்காவது யாராவது ஒருத்தர் அவனைப் பார்த்திருக்கலாம்.

விட்டால் நாளைக்கு இந்த நாற்காலியில் வேறு ஆள் இருப்பார். வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்.

மறைத்தாள்.

வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போதே அம்மா போனை நீட்டிக்கொண்டு வந்தாள். நாற்பத்தொரு நாளில் இன்றைக்குத்தான் தலையை ஒழுங்காக வாரியிருந்தாள்.

"இன்னிக்கும் அழிக்கலடி, பாரு. உங்க ஆளுங்க நல்லவங்கதான். ஊரே பாத்துக்கிட்டிருக்கு, உன் தம்பிய யாராச்சும் பாத்திருந்தா சொல்லாமயா போயிடுவாங்க?"

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். இருந்தது. அவள் தேடியெடுத்து அம்மாவுக்கு வைத்துக் கொடுத்த ரோஜாப்பூவும் இருந்தது.

ஆமாம்மா, என்றாள்.