பத்து நிமிஷக் கெடு

தூரத்து ரௌட்டரில் அமைப்பை மாற்றுகிறவர் முதலில் மாற்றத்தைத்தான் செய்வார் என்று நாட்டில் பரவலாக நம்பப்படுகிறது. இந்த மூடநம்பிக்கையை உடனே ஒழித்தாக வேண்டும். மாற்றம் சொதப்பினால் ரௌட்டர் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும்படி ஒரு கெடு வைப்பதே முதல் வேலை.

கள்ளக்குறிச்சி இன்டர்நெட் கம்பெனியில் இன்ஜினீயரான ஜெயசுதாவுக்கு இது தெரியும். கல்வராயன் மலைப் பள்ளியின் ரௌட்டருக்கு இன்று புது ஐ.பி. முகவரி போட வேண்டும், பழையது மதியத்தோடு செல்லாது. அங்கே பிளஸ் டூ முடித்த பெண்கள் மாலைக்குள் ஆன்லைனில் காலேஜ் சீட் எடுத்தாக வேண்டும்.

வழக்கமாக மலைக்குப் போகும் டெக்னீஷியன் வெங்கடேசனோ, இடஒதுக்கீடு கேட்டுத் தன் சாதிச் சங்கம் அடிவாரத்தில் நடத்திய சாலை மறியலில் இருந்தார். விடிந்ததும் அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, லைன் போச்சுன்னா நீங்கதானே மேல போவணும்?"

"இன்னிக்கு ஒரு வண்டியும் ஏறாது. என்னுதும்தான்."

"பொண்ணுங்க சீட்டு போயிடும்ணா."

"எங்க புள்ளைங்க சீட்டுக்குத்தாம்மா ரோட்டுல குந்திக்கினு கீறோம்."

"உங்க புள்ளைன்னா ஒரு நியாயம், மலைப் புள்ளைன்னா ஒரு நியாயமா?"

போன் கட்டானது.

யாரும் வேண்டாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். பதினொரு மணிக்கு மேல்தான் புது ஐ.பி. கைக்கு வந்தது. பத்து நிமிஷக் கெடு வைத்துவிட்டு அதைத் தட்டினாள்.

லைன் செத்தது.

ஸ்கிரீனை முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கெடு முடிந்ததும் ரௌட்டர் பழைய ஐ.பி.யோடு எழுந்து வந்தது. பார்த்தால், வெளி நெட்டுக்கு வழி காட்டும் கேட்வே முகவரியில் ஓர் எண்ணைத் தப்பாக அடித்திருந்தாள். திருத்தினாள். மறுபடி கெடு, மறுபடி தட்டல்.

புது ஐ.பி.யில் ரௌட்டர் பதில் சொன்னது. கெடுவை ரத்து செய்து, சேமித்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

பள்ளியிலிருந்து கோகிலவாணி டீச்சர் கூப்பிட்டார்.

"நெட் வந்துடுச்சும்மா. பொண்ணுங்க உக்காந்துட்டாங்க. உங்க ஆளு கெளம்பலாமான்னு கேக்குறாரு."

"எங்க ஆளா?"

"வெங்கடேசன். குறுக்குப் பாதையில நடந்தே வந்திருக்காரு. லைன் செத்தா கையால சரி பண்ணணும்னு ரௌட்டர் பக்கத்துலயே குந்திக்கினு கீறாரு. தான் வர்றத முன்னாடியே சொன்னா நீ மெத்தனமா தட்டுவியாம்."

மறியலைப் பாதியில் விட்டுப் போனதற்காக, மறுநாள் வெங்கடேசனைச் சங்கத்தின் கிளைச் செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள்.