கறுப்பு ராணி

"அண்ணா, வழி தவறி வந்துட்டீங்களா?"

பார் வாசலில் அண்ணன் நிற்பதைப் பார்த்ததும் தம்பி ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டான். சாயங்காலம் ஐந்தரை. அண்ணன் அடித்துப் போட்டாற்போல் தூங்கும் நேரம் அது.

"வழி தெரிஞ்சுதான் வந்தேன். உட்காரலாமா?"

இரண்டு பேரும் சேர்ந்துதான் பேக்கரி நடத்துகிறார்கள். அண்ணன் நள்ளிரவில் அடுப்பை மூட்டுவார். காலை ஏழு மணிக்குத் தம்பி வந்து கடையைத் திறந்ததும், வேனில் ரொட்டியை ஏற்றிக் கடை கடையாகப் போட்டுவிட்டு, பதினொன்றரைக்குப் போய்ப் படுப்பார். தம்பி ஐந்து மணிக்கு ஷட்டரை இறக்குவான். முகம் பார்ப்பது சாவி கைமாறும் பத்து நிமிடம்தான். அதிலும் மாவு, ஈஸ்ட் தாண்டிப் பேச்சு போனதில்லை.

பார்க்காரர் வந்து நின்றார். உதட்டை மறைக்கும் மீசை என்பதால் எல்லோருக்கும் அவர் மீசைதான். "சாருக்கு என்ன வேணும்?" என்றார், வழக்கமில்லாத மரியாதையோடு.

"லெமன் சோடா குடுங்க. அண்ணன் வேற எதையும் தொட மாட்டார்," தம்பி முந்திக்கொண்டான்.

மீசை முதுகைக் காட்டித் திரும்பி, ஏற்கெனவே துடைத்து வைத்த கிளாஸை மறுபடியும் துடைத்தார். வந்த சோடாவை அண்ணன் கஷாயம் மாதிரி ஒரு வாய் குடித்தார்.

"தினமும் வர்றியே, இங்க அப்படி என்னடா இருக்கு?"

திட்டு விழப்போகிறது என்று பயந்த தம்பிக்கு இந்தக் கேள்வியே பெரிய நிம்மதி. கிளாஸ்கள் வைக்கும் கவுண்டரின் கோடியில் இருந்த செஸ் பலகையைக் காட்டினான்.

"இதுதான் இருக்கு. காலையில ஒருத்தர் வர்றார். அவர் வெள்ளை, நான் கறுப்பு. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு காய். மூணு வருஷமா ஆடறோம், யாருன்னே தெரியாது."

"கேக்கலையா?"

"கேக்காம இருப்பேனா? மீசை வாயைத் திறக்க மாட்டேங்கறார்."

"ஆள் தெரியாதவரைக்கும்தான் ஆட்டம். தெரிஞ்சா வம்பு," என்றார் மீசை அங்கிருந்தே.

"ஆனா அந்தக் காலைக்காரரை எனக்கு நல்லாத் தெரியும்ணா." தம்பிக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. "அப்படி ஒரு பொறுமை. ஜெயிக்கப் போறப்பகூட அவசரப்பட மாட்டார். நான் காய்ச்சல்ல படுத்திருந்தேனே, அப்ப நாலு நாள் ஒரு காயைக்கூடத் தொடாம காத்திருந்தார். ஒரு தடவை என் குதிரை கீழ விழுந்து கழுத்து உடைஞ்சுது. மறுநாள் வந்து பார்த்தா, ஒட்டி வச்சுட்டுப் போயிருக்கார். எதிராளி குதிரையை யாருண்ணா ஒட்டுவாங்க?"

அண்ணன் சோடாவில் மிதந்த விதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு. வந்தாராம், ரொம்ப நேரம் பலகையைப் பார்த்தாராம், காயை நகர்த்தாமலே போயிட்டாராம். என்ன கோபமோ தெரியலை."

"அது இருக்கட்டும். உன் மனசுல என்ன ஓடுது? அதைச் சொல்லு."

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனுக்கு எப்படி மூக்கில் வேர்த்தது? கடிதம் நேற்று மதியம்தான் வந்தது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. நேற்று சாயங்காலம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இங்கே வந்து ஆடினான். என்ன ஆடினான் என்பதே நினைவில்லை. இனி மறைத்துப் பயனில்லை என்று எடுத்து நீட்டினான்.

வேறு ஊரில் ஒரு பெரிய ஓட்டல். கேக் பிரிவு முழுக்க அவன் பொறுப்பு. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணன் இரண்டு முறை படித்தார். "நல்ல வேலைடா."

"அப்ப போகட்டுமா?"

"உனக்குப் போகணும்னு இருக்கா?"

"தெரியலைண்ணா. மனசு விட்டுப் பேச இங்க யார் இருக்கா? உங்ககிட்ட அந்தப் பத்து நிமிஷத்துல ஈஸ்ட் தீர்ந்துபோச்சுன்னு சொல்லலாம், வேற என்ன சொல்றது? நான் போனா இந்த ஊர்ல என்னைத் தேடப்போறது அந்தக் காலைக்காரர் ஒருத்தர்தான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அண்ணனுக்கு வலித்திருக்கும். ஆனால் அவர் முகத்தில் வருத்தம் இல்லை. கடிதத்தைப் பழைய மடிப்பு மாறாமல் மடித்துத் தம்பியின் பையில் வைத்துவிட்டு எழுந்தார். நேரே பலகையிடம் போய்க் கறுப்பு ராணியைத் தூக்கினார்.

"ஐயோ, தொடாதீங்கண்ணா. வெளியாள் கை வச்சா மீசைக்குப் பிடிக்காது."

மீசை பக்கத்தில் வந்தார். லெமன் சோடாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, கேட்காமலே ஒரு கிளாஸ் கறுப்பு பீர் ஊற்றி அண்ணனின் இடத்தில் வைத்தார்.

அண்ணன் ராணியை, நேற்றுத் தம்பி நகர்த்துவதற்கு முன்னால் நின்ற அதே கட்டத்தில் திருப்பி வைத்தார். பிறகு ஸ்டூலை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டார்.

"உட்காரு, இன்னிக்குப் பேசிடலாம். ராணியை இப்படிக் கோட்டை விடற ஆளா நீ? காலையில இதைப் பார்த்ததுலேருந்து எனக்குத் தூக்கமே வரலைடா."